செவ்வணிலின் குடல்நோயும் பண்ணைச் சுகாதாரமும்



தென்னந்தோட்டத்திலும் வீட்டு வளவிலும் ஓடித்திரியும் அணிலை அறியாதார் நம்மிடையே எவருமில்லை. குரும்பையைக் கொறிக்கிறது, கொக்கோக் காயைத் துளைக்கிறது, கோழிக்கு வைத்த தீனில் வாய் வைக்கிறது என்று அதனை நாம் வைவதும் உண்டு. குழந்தைகள் அதற்குச் சோறு வைத்து மகிழ்வதும் உண்டு. அணிலுக்கு வரும் நோயொன்றைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே.

இங்கு நாம் கூறப்புகுவது நம் நாட்டு அணிலைப் பற்றியதன்று. பிரித்தானியாவின் காடுகளில் வாழும் செவ்வணில்களிடையே தோன்றிய ஒரு குடல்நோயைப் பற்றியது. அந்நோய் எவ்வாறு வந்தது, எவ்வாறு மறைந்திருந்து பரவியது, அன்புடன் வைத்த தீன்பெட்டியே எவ்வாறு அதற்கு வழியாயிற்று என்பவற்றை ஆராய்ந்தோர் படிப்படியாகக் கண்டறிந்தனர். அவர்கள் கண்ட உண்மைகள் கோழி வளர்ப்போருக்கும், ஆடு மாடு வளர்ப்போருக்கும் அப்படியே பொருந்துவன. பிறர் இழப்பிலிருந்து நாம் பாடம் கற்றால், நமக்கு இழப்பு நேராமல் காத்துக்கொள்ளலாம். இப்பிரசுரத்தின் நோக்கம் அதுவே.

செவ்வணிலும் சாம்பல் அணிலும்

பிரித்தானியாவுக்கு இயற்கையாக உரிய அணில் ஒன்றே. அது செவ்வணில். செம்பழுப்பு நிறமும், அடர்ந்த வாலும், குளிர்காலத்தில் காதுநுனியில் நீண்டு நிற்கும் மயிர்க்குஞ்சமும் உடையது. நன்கு வளர்ந்த அணிலின் நிறை ஏறக்குறைய 300 கிராம். ஊசியிலை மரங்களின் கூம்புகளிலுள்ள வித்துக்களும், கொட்டைகளும், காளான்களும் அதன் உணவாகும்.

1876ஆம் ஆண்டில் வட அமெரிக்காவிலிருந்து சாம்பல் அணில்கள் சில கொண்டுவரப்பட்டு, இங்கிலாந்தின் செசயர் மாவட்டத்திலுள்ள ஒரு பூங்காவில் விடப்பட்டன. அழகுக்காகச் செய்த காரியம் அது. பின்னர் வேறு பல இடங்களிலும் இவ்வாறே விடப்பட்டன. சாம்பல் அணில் உருவிற் பெரியது. முற்றாத கொட்டைகளையும் உண்டு செரிக்கவல்லது. ஆகவே, அது பெருகிய இடங்களிலெல்லாம் செவ்வணிலுக்கு உணவு குறைந்தது.

உணவுப் போட்டியோடு நோயும் சேர்ந்துகொண்டது. சாம்பல் அணில் தன்னுடலில் ஒருவகை அம்மை வைரசைத் தாங்கி வருகிறது. அதற்கு அக்கிருமியால் பெருந்தீங்கு நேர்வதில்லை. அதே கிருமி செவ்வணிலைத் தொற்றினாலோ, கண், வாய், பாதம் ஆகிய இடங்களில் புண் தோன்றி, பெரும்பாலும் இரு கிழமைகளுக்குள் அது இறந்துபோகும். இவ்விரு காரணங்களாலும் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் செவ்வணில் அழிந்தது. இன்று பிரித்தானியாவில் எஞ்சியுள்ள செவ்வணில்களுட் பெரும்பாலானவை ஸ்கொத்லாந்திலேயே வாழ்கின்றன. ஏனையவை வட இங்கிலாந்திலும், வேல்சின் சில பகுதிகளிலும், சில தீவுகளிலும் வாழ்கின்றன.

குடல்நோய் வெளிப்பட்ட வரலாறு

செவ்வணிலை மீண்டும் பெருக்குவதற்குப் பல முயற்சிகள் மேற்கொள்ளப்பட்டன. வேறிடங்களில் பிடித்த அணில்களையோ, கூடுகளில் வளர்த்த அணில்களையோ கொண்டுவந்து, சில காலம் அடைப்புக்களில் வைத்துப் பழக்கிப் பின் காட்டில் விடுதல் அம்முயற்சிகளுள் ஒன்று. கிழக்கு இங்கிலாந்திலுள்ள தெற்போட்டுக் காட்டில் 1990களில் இவ்வாறு செய்தனர். அங்கு இறந்துபோன செவ்வணிலொன்றின் குடலில் அடினோவைரசு என்னும் கிருமியின் துணிக்கைகள் காணப்பட்டன. இது பற்றிய அறிக்கை 2001ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அதன்பின், இறந்த அணில்களை ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிப் பரிசோதிக்கும் வழக்கம் பரவியது. பரிசோதனை பெருகப் பெருக, இக்கிருமி பல பகுதிகளில் இருப்பது தெரியவந்தது. இதற்குமுன் காரணம் அறியாது விடப்பட்ட மரணங்கள் சிலவற்றிற்கும் காரணம் புலப்பட்டது.

வேல்சைச் சேர்ந்த அங்கிள்சித் தீவின் வரலாறு குறிப்பிடத்தக்கது. 1998ஆம் ஆண்டளவில் அத்தீவில் ஏறக்குறைய 40 செவ்வணில்களே எஞ்சியிருந்தன. அவ்வாண்டில் சாம்பல் அணில்களை அகற்றும் பணி தொடங்கியது. 2004ஆம் ஆண்டு முதல் நியூபரோ என்னும் காட்டில், கூடுகளில் வளர்த்த செவ்வணில்கள் விடப்பட்டன. பல ஆண்டு உழைப்பின் பயனாக அவற்றின் தொகை ஏறக்குறைய 700 வரை உயர்ந்தது. எனினும், இம்முயற்சி தடையின்றி நடைபெறவில்லை. தீவில் இறந்த அணில்களில் அடினோவைரசு கண்டறியப்பட்டது. காட்டில் விடுவதற்கென்று பாடுபட்டு வளர்த்த அணில் கூட்டிலேயே இறக்குமாயின், வளர்த்தவருக்கு ஏற்படும் வேதனையையும் நட்டத்தையும் சொல்லவேண்டியதில்லை. காலையில் கூட்டைத் திறந்து, நேற்றுவரை நன்றாயிருந்த குஞ்சுகள் இறந்து கிடக்கக் கண்ட கோழி வளர்ப்போர் அதனை நன்கு உணர்வர்.

கிருமியின் இயல்பு

அடினோவைரசு மிகச் சிறியது. ஒரு மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலும் சிறிய அளவினது. சாதாரண நுணுக்குக்காட்டியால் அதனைக் காணவியலாது. இலத்திரன் நுணுக்குக்காட்டி வேண்டும். இவ்வினத்து வைரசு முதன்முதலில் 1953ஆம் ஆண்டில் மனிதரின் அடினோயிட்டு இழையத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. பின்னர் மாடு, நாய், கோழி முதலிய பல உயிரினங்களிலும் இவ்வினத்துக் கிருமிகள் கண்டறியப்பட்டன. ஒவ்வொரு வகைக் கிருமியும் பெரும்பாலும் ஓர் உயிரினத்தையோ, அதற்கு நெருங்கிய சில உயிரினங்களையோ மட்டுமே தாக்கும். ஆகவே, அணிலின் கிருமி கோழியைத் தாக்கும் என்று எவரும் அஞ்சவேண்டியதில்லை.

இக்கிருமியின் இயல்புகளுள் கமக்காரர் மனதிற் பதிக்கவேண்டியது ஒன்றுண்டு. சில வைரசுகளைச் சுற்றிக் கொழுப்பினாலான மெல்லிய உறையொன்று இருக்கும். சவர்க்காரம் அக்கொழுப்பைக் கரைத்துவிடும். உறை கெட்டதும் கிருமி அழியும். அடினோவைரசுக்கு அத்தகைய உறை கிடையாது. அதன் வெளிப்புறம் உறுதியான புரதக் கூடாகும். எனவே, சவர்க்காரத்தினால் மட்டும் அதனை அழிக்கவியலாது. எச்சத்திலும், கூட்டின் பலகையிலும், தீன்பாத்திரத்தின் மூலையிலும் அது நெடுநாள் உயிர்ப்புடன் இருக்கவல்லது. குளோரீன் கலந்த தொற்றுநீக்கிகளும் கடும் வெப்பமும் அதனை அழிக்கும்.

நோயின் அறிகுறிகள்

இந்நோயின் கொடுமை அதன் அமைதியிலேயே இருக்கிறது. பல அணில்கள் எவ்வித அறிகுறியுமின்றித் திடீரென இறந்து கிடக்கும். சிலவற்றில் சோர்வும், நீர்த்த கழிச்சலும் காணப்படும். வாலின் அடிப்புறமும் பின்கால்களும் மலத்தால் அழுக்குற்றிருக்கும்.

இறந்த உடலை அறுத்துப் பார்க்கும்போது, சிறுகுடல் நீர்த்த பொருளால் நிறைந்திருப்பதையும், குடற்சுவர் அழற்சியுற்றிருப்பதையும் காணலாம். மண்ணீரலும் கேடுற்றிருக்கக்கூடும். ஆனால், உடல் சிறியதாகையாலும், இறந்த சில மணி நேரத்திற்குள் குடல் அழுகத் தொடங்குவதாலும், கண்ணால் பார்த்து மட்டும் நோயைத் துணிந்துகூற இயலாது. குடற்பொருளை இலத்திரன் நுணுக்குக்காட்டியால் பார்த்தோ, கிருமியின் பாரம்பரியப் பொருளைப் பெருக்கிக் காணும் சோதனையைச் செய்தோதான் உறுதி செய்வர்.

கழிச்சல் ஏன் உயிரைப் போக்குகிறது என்பதையும் அறிந்துகொள்ளுதல் நன்று. சிறுகுடலின் உட்புறத்தில் வெல்வெட்டுத் துணியின் நூல்களைப் போன்று எண்ணிறந்த நுண்விரல்கள் உண்டு. உணவின் சத்தையும் நீரையும் உறிஞ்சி இரத்தத்திற் சேர்ப்பவை அவையே. குடலைத் தாக்கும் வைரசு அவற்றின் மேலுள்ள கலங்களுக்குள் புகுந்து பெருகி, அக்கலங்களைச் சிதைத்துவிடுகிறது. அப்போது குடல் நீரை உறிஞ்சுவதற்குப் பதிலாக இழக்கத் தொடங்குகிறது. நீருடன் உப்புச் சத்துக்களும் வெளியேறுகின்றன. பெரிய உடல் இவ்விழப்பைச் சில நாட்கள் தாங்கும். 300 கிராம் நிறையுள்ள அணில் தாங்குமா? தாங்காது. நாற்பது கிராம் நிறையுள்ள கோழிக்குஞ்சும் தாங்காது. பிறந்து சில நாளேயான கன்றுகூட ஓரிரு நாளில் விழுந்துவிடும். சிறிய உயிர்களைக் குடல்நோய் விரைவில் கொல்வதற்குக் காரணம் இதுவே.

நோய் பரவும் வழிகள்

இக்கிருமி மலத்துடன் வெளியேறி, வாய்வழியாக இன்னொரு விலங்கின் உடலினுட் செல்கிறது. காட்டில் அணில்கள் தனித்தனியே திரிபவை. ஒன்றின் மலம் இன்னொன்றின் உணவிற் படுவதற்கான வாய்ப்பு அங்கு குறைவு. அவ்வாறிருக்க, நோய் எவ்வாறு பரவியது? ஆராய்ந்தோர் கவனத்திற்கொண்ட காரணங்கள் நான்கு.

முதலாவது, தீன்பெட்டி. பிரித்தானியாவில் மக்கள் பலர் செவ்வணிலின் மேல் கொண்ட அன்பினால், மரங்களில் பெட்டிகளைக் கட்டி அவற்றில் கொட்டைகளையும் வித்துக்களையும் வைப்பர். சுற்றுப்புறத்து அணில்களெல்லாம் அப்பெட்டிக்கு வரும். ஒன்றின் வாய்நீரும் எச்சமும் பட்ட இடத்தில் மற்றொன்று உண்ணும். காட்டில் எதிர்ப்படாத அணில்கள் கூட ஒரே பெட்டியின் வழியாக நோயைப் பகிர்ந்துகொள்ளும். உணவு கொடுத்தவர் கெடுதி நினைக்கவில்லை. ஆனால், கழுவாத பெட்டி அவர் எண்ணத்தை அறியாதே!

இரண்டாவது, நோயின்றிக் கிருமியைத் தாங்கும் விலங்குகள். பார்வைக்கு நல்ல உடல்நலத்துடன் காணப்பட்ட செவ்வணில்களிலும் இக்கிருமி இருப்பது பரிசோதனையில் தெரியவந்தது. நோயுற்ற விலங்கை நாம் கண்டு விலக்கலாம். நோயுற்றதாகவே தோன்றாத விலங்கை எவ்வாறு விலக்குவது? கண்ணை மட்டும் நம்பியிருத்தல் போதாது என்பதையே இது காட்டுகிறது.

மூன்றாவது, எலியினம். சாம்பல் அணில்களில் மட்டுமன்றி, காட்டெலிகளிலும் இவ்வைரசு கண்டறியப்பட்டது. இவ்வெலிகள் அணிலுக்கு வைத்த தீனை இரவில் வந்து உண்பவை. பகலில் அணிலும் இரவில் எலியும் ஒரே கலத்தில் உண்டால், ஒன்றின் கிருமி மற்றொன்றுக்குச் செல்வதற்கு வேறு வழி வேண்டுமோ?

நான்காவது, விலங்கிற்கு நேரும் அலைக்கழிவு. பிடித்தல், கூட்டில் அடைத்தல், நெடுந்தூரம் கொண்டுசெல்லல், அறிமுகமில்லாத விலங்குகளுடன் சேர்த்தல் ஆகியன விலங்கின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கின்றன. அதுவரை உடலில் அடங்கிக் கிடந்த கிருமி அச்சமயத்தில் தலைதூக்கும். அடைப்புக்களில் வைக்கப்பட்ட அணில்களிடையே மரணம் நேர்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

அங்கு மேற்கொள்ளப்படும் தடுப்பு முறைகள்

செவ்வணிலின் அடினோவைரசுக்கு விற்பனையிலுள்ள தடுப்புமருந்து எதுவுமில்லை. நோய் கண்டபின் கிருமியை அழிக்கும் மருந்தும் இல்லை. எனவே, தடுப்பதொன்றே வழியாயிற்று. தீன்பெட்டிகளை அடிக்கடி கழுவித் தொற்றுநீக்கம் செய்தல். ஒரே பெட்டியில் ஓயாது தீன் வையாது இடைக்கிடையே நிறுத்துதலும் இடத்தை மாற்றுதலும். இறந்த அணில் காணப்பட்டவுடன் அப்பகுதியிலுள்ள பெட்டிகளை அகற்றிச் சில கிழமைகள் தீன் வையாதிருத்தல். புதிதாகக் கொண்டுவரும் அணில்களைத் தனித்து வைத்துப் பரிசோதித்தல். வளர்ப்புக் கூடுகளில் எலி புகாது அடைத்தல். இறந்தவற்றைப் பரிசோதனைக்கு அனுப்புதல் ஆகியன அங்கு கைக்கொள்ளப்படுகின்றன.

இவற்றுள் விலையுயர்ந்த கருவி எதனையும் வேண்டிநிற்பது மிகச் சிலவே. வாளி, தூரிகை, தொற்றுநீக்கி, சற்றுப் பொறுமை ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலானவற்றைச் செய்யலாம்.

நம் பண்ணைகளிலுள்ள உறவினக் கிருமிகள்

அடினோவைரசுகள் பண்ணை விலங்குகளிலும் நோய் விளைவிப்பன. சிலவற்றை இங்கு குறிப்பிடுவோம்.

முட்டைக்கோழிகளில் முட்டை வீழ்ச்சி நோய் என்பதொன்றுண்டு. 1976ஆம் ஆண்டில் இது முதன்முதலில் விவரிக்கப்பட்டது. கோழி நன்றாக இருப்பதுபோலவே தோன்றும். ஆனால், திடீரென முட்டைகளின் தொகை குறையும். மெல்லிய ஓடுள்ள முட்டைகளும், ஓடே இல்லாத முட்டைகளும், நிறம் வெளிறிய முட்டைகளும் காணப்படும். வாத்துக்கள் இக்கிருமியை நோயின்றித் தாங்குவன. வாத்தும் கோழியும் ஒரே நீரைக் குடிக்குமிடத்து, வாத்தின் எச்சத்தின் வழியாகக் கோழிக்கு நோய் வரலாம். அணிலின் கதையில் எலி வகித்த இடத்தை இங்கு வாத்து வகிப்பதைக் காண்க.

இறைச்சிக்கோழிகளில், பெரும்பாலும் மூன்று முதல் ஏழு கிழமை வயதில், ஈரல் வீங்கி வெளிறித் திடீர் மரணத்தை விளைவிக்கும் நோயும் இவ்வினத்து வைரசினாலேயே உண்டாகிறது. வான்கோழிகளில் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நோயும் அவ்வாறானதே. நாய்களுக்கு வரும் தொற்று ஈரலழற்சியும் அடினோவைரசினால் வருவது. நோயிலிருந்து தேறிய நாய் ஆறு மாதங்களுக்கு மேலும் தன் சிறுநீரில் கிருமியை வெளியேற்றக்கூடும். முட்டை வீழ்ச்சி நோய்க்கும் நாயின் ஈரலழற்சிக்கும் தடுப்பூசிகள் உண்டு. இவை பற்றி உங்கள் பகுதி மிருக வைத்தியரைக் கேட்டறிக.

இவை ஒருபுறமிருக்க, கோழிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லும் இராணிக்கேத்து நோயும், இளங்கன்றுகளின் வைரசுக் கழிச்சலும் வேறினத்துக் கிருமிகளால் வருவன. ஆயினும், அவையும் எச்சம், மலம், பாத்திரம், புதிதாக வந்த விலங்கு ஆகியவற்றின் வழியாகப் பரவுவனவே. ஆகவே, கீழே கூறப்படும் முறைகள் அவற்றைத் தடுப்பதற்கும் துணைபுரியும்.

நீங்கள் செய்யவேண்டியவை

1. தீன்பாத்திரத்தையும் நீர்ப்பாத்திரத்தையும் தூய்மையாக வைத்தல்

நாள்தோறும் பழைய தீனைக் கொட்டி அப்புறப்படுத்துக. பாத்திரத்தைச் சவர்க்கார நீரால் தேய்த்துக் கழுவுக. சவர்க்காரம் கிருமியைக் கொல்லாது என்று மேலே கூறினோம். அவ்வாறாயின் அதனை ஏன் பயன்படுத்த வேண்டும்? எச்சமும் எண்ணெய்ப்பசையும் படிந்த பாத்திரத்தில் குளோரீன் தன் வலிமையை இழந்துவிடும். அழுக்கை முதலில் அகற்றினாலன்றித் தொற்றுநீக்கி வேலை செய்யாது. எனவே, முதலில் தேய்த்துக் கழுவுதல், பின்னர் தொற்றுநீக்கம் என்னும் ஒழுங்கை மாற்றாதீர்கள்.

நூற்றுக்கு முப்பது பங்கு குளோரீன் உள்ள வெளிற்றும் தூளில் 17 கிராம் எடுத்து, ஒரு லீற்றர் நீரில் கரைத்தால், ஏறக்குறைய நூற்றுக்கு அரைப் பங்கு வலிமையுள்ள கரைசல் கிடைக்கும். கழுவிய பாத்திரம் பத்து நிமிடமேனும் இக்கரைசலில் நனைந்திருக்க வேண்டும். பின்பு நல்ல நீரால் அலசி, வெயிலில் நன்கு உலர்த்துக. கரைசலை அன்றன்றே தயாரித்தல் நன்று. வைத்திருந்தால் வலிமை குன்றிவிடும். தூளை வேறெந்தத் தொற்றுநீக்கியுடனும் அமிலத்துடனும் கலத்தலாகாது. நச்சு வாயு வெளிவரும்.

மரத்தாலான பாத்திரங்களின் வெடிப்புக்களில் அழுக்குத் தங்கும். வெடித்தவற்றை மாற்றுதலே நலம்.

2. புதியவற்றைத் தனித்து வைத்தல்

சந்தையிலிருந்தோ அயலவரிடமிருந்தோ வாங்கிய கோழியையும் ஆட்டையும் அன்றே பட்டியிற் சேர்க்காதீர்கள். குறைந்தது மூன்று கிழமைகள் வேறிடத்தில் வைத்து, வேறு பாத்திரத்தில் தீனும் நீரும் கொடுத்துக் கவனியுங்கள். பழையவற்றுக்கு முதலில் தீன் வைத்து, புதியவற்றுக்கு இறுதியில் வையுங்கள். பயணத்தின் அலைச்சலால் அடங்கியிருந்த நோய் வெளிப்படுவதானால், அது பெரும்பாலும் இக்காலத்தில் வெளிப்படும். மூன்று கிழமை பொறுக்க மாட்டாது மந்தை முழுவதையும் இழந்தோர் பலர்.

3. எலியும் காட்டுப் பிராணிகளும் தீனை அணுகாது தடுத்தல்

தீன் மூடைகளைத் தரையில் வையாது, பலகையின்மேல் சுவரிலிருந்து விலக்கி வையுங்கள். மூடியுள்ள தகரப் பீப்பாய் மேலும் சிறந்தது. கோழிக்கூட்டின் கம்பிவலைக் கண்கள் எலி நுழையாத அளவினதாக இருத்தல் வேண்டும். இரவில் பாத்திரத்தில் தீனை மீதம் விடாதீர்கள். கூட்டைச் சுற்றியுள்ள பற்றைகளையும் குப்பையையும் அகற்றுங்கள். வாத்து வளர்ப்போர், வாத்துக்குரிய நீரைக் கோழி குடியாதவாறு வேறாக்குங்கள்.

4. கழிச்சல் கண்ட விலங்கைப் பேணுதல்

நோயுற்றதை உடனே பிரித்து வைத்து, வெப்பமும் உலர்ந்த படுக்கையும் கொடுங்கள். வைரசைக் கொல்லும் ஆற்றல் நுண்ணுயிர்கொல்லி மருந்துகளுக்குக் கிடையாது. கடையில் வாங்கிய மருந்தை அளவின்றிக் கொடுப்பதால் பணமும் காலமும் வீணாகும். பின்னாளில் அம்மருந்து வேலை செய்யாமலும் போகும். இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்தலே முதற் சிகிச்சை. கன்றுக்குக் கழிச்சல் கண்டால், மிருக வைத்தியர் கூறும் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் காலதாமதமின்றிப் பருக்குங்கள். காலையில் தொடங்கினால் பிழைக்கக்கூடிய கன்று மாலைவரை தாமதித்தால் பிழையாது போகலாம்.

5. இறந்தவற்றை அப்புறப்படுத்துதல்

இறந்த கோழியையோ, காட்டு விலங்கையோ பற்றைக்குள் எறிதலும், வாய்க்காலில் இடுதலும், நாய்க்குக் கொடுத்தலும் பெருந்தவறு. பரிசோதனைக்கு வேண்டாதவற்றை, உடலின்மேல் மூன்றடி மண்ணேனும் இருக்கத்தக்கவாறு ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைத்துவிடுங்கள். குழி, கிணற்றிலிருந்து குறைந்தது நூறடி தள்ளியிருத்தல் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்று சுண்ணாம்புக்கல் நிலமும் ஆழமற்ற நிலத்தடி நீரும் உள்ள இடங்களில், இயன்றவரை இன்னும் தொலைவில் தோண்டுக.

இறந்த காட்டு விலங்கை வெறுங்கையால் தொடாதீர்கள். அணிலின் குடல்நோய்க்காக அன்று. ஒரு விலங்கு எதனால் இறந்தது என்பதைப் பார்த்தவுடன் அறியவியலாது என்பதற்காகவே. எலிக்காய்ச்சலும் விசர்நோயும் விலங்குகளிலிருந்து வருவன என்பதை நீங்கள் அறிவீர்கள். பிரித்தானியாவின் செவ்வணில்கள் சிலவற்றில் தொழுநோய்க் கிருமி இருப்பதை 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. எவரும் எதிர்பாராத செய்தி அது. கையுறை இல்லையேல், பொலித்தீன் பையைக் கையில் மாட்டி எடுத்து, பின்னர் கைகளை நன்கு கழுவுங்கள். சிறுவர்களுக்கும் இதனைக் கற்பியுங்கள்.

6. உடனே அறிவித்தல்

ஒரு கோழி இறந்தால் அது தற்செயலாக இருக்கலாம். இரண்டு மூன்று நாட்களுக்குள் பல இறந்தாலோ, முட்டைகள் திடீரெனக் குறைந்தாலோ, அன்றே உங்கள் பகுதி அரசாங்க மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். இறந்த உடலைப் பொலித்தீன் பையில் இட்டுக் கட்டிப் பனிக்கட்டியில் வைத்து, அன்றைக்கே ஒப்படையுங்கள். உறைய வைத்தல் வேண்டாம், அழுகவிடுதலும் கூடாது. வேண்டுமாயின் வைத்தியர் அதனைக் கன்னொறுவையிலுள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்ப ஆவன செய்வார். தெற்போட்டுக் காட்டில் இறந்த அணிலை எவரேனும் குழியிற் போட்டு மூடியிருந்தால், செவ்வணிலுக்கு இப்படியொரு நோய் உண்டென்பது வெளிப்பட மேலும் பல காலம் சென்றிருக்கும். இறந்த ஒரு கோழியும் அவ்வாறே, எஞ்சியுள்ள நூறு கோழிகளைக் காக்கும் செய்தியைத் தரக்கூடும்.

இரண்டு தவறான எண்ணங்கள்

இவ்வரலாற்றைப் படித்தபின், வளவிலுள்ள அணில்களையெல்லாம் கொன்றுவிட வேண்டுமெனச் சிலர் எண்ணக்கூடும். அது தவறு. மேலே கூறிய நோய் செவ்வணிலைத் தாக்கும் நோய். நம் வளவில் காணும் வரியணில் வேறோர் இனம். மேலும், கொல்வதால் இடம் வெறுமையாகி, வேறு அணில்களே வந்து சேரும். தீனை மூடிவைப்பதால் அணிலும் பிழைக்கும், கோழியும் பிழைக்கும்.

காட்டு விலங்குகளால் மட்டுமே நோய் வருகிறது என்பது மற்றொரு தவறான எண்ணம். செவ்வணிலின் கதையை மீண்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். சாம்பல் அணிலைக் கொண்டுவந்தவன் மனிதன். அணில்களை ஒரே கூட்டில் அடைத்தவனும், கழுவாத பெட்டியில் தீன் வைத்தவனும் மனிதனே. இவற்றுட் பல நன்மை கருதிச் செய்யப்பட்டவை. ஆனால், நல்லெண்ணம் கிருமியைத் தடுக்காது. நல்ல பழக்கமே தடுக்கும். நம் பண்ணையிலும், அயற்பண்ணைக்குச் சென்று வந்த நம் செருப்பும், இரவல் வாங்கிய கூடையும், சந்தையிலிருந்து திரும்பிய சாக்குமே பலமுறை நோயைக் கொண்டுவருகின்றன.

சுருக்கம்

நோய் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திராதீர்கள். நலமாகத் தோன்றும் விலங்கும் கிருமியைத் தாங்கி நிற்கலாம்.

தீன்பாத்திரத்தை முதலில் தேய்த்துக் கழுவி, பின்னர் தொற்றுநீக்கம் செய்து, வெயிலில் உலர்த்துங்கள்.

புதிய விலங்கை மூன்று கிழமைகளேனும் தனித்து வையுங்கள்.

எலிக்கு உணவு கிடையாதவாறு தீனைக் காத்துக்கொள்ளுங்கள்.

கழிச்சல் கண்ட இளம் விலங்குக்கு நீரும் உப்பும் உடனே கொடுங்கள். மருந்தை வைத்தியரைக் கேட்டே கொடுங்கள்.

இறந்தவற்றை ஆழப் புதையுங்கள்; மரணம் தொடர்ந்தால் அன்றே அறிவியுங்கள்.

இவற்றைச் செய்வதற்கு நாளொன்றுக்கு அரைமணி நேரம் போதுமானது. நாற்பதாகக் குறைந்த அங்கிள்சித் தீவின் செவ்வணில்கள் எழுநூறாகப் பெருகியது ஒரு நாளில் நிகழ்ந்ததன்று. நாள்தோறும் சலியாது உழைத்தோரின் கைகளால் நிகழ்ந்தது. உங்கள் கோழிக்கூடும் மாட்டுப்பட்டியும் பெருகுவதும் அவ்வாறே. நாளைக் காலையில் தீன் வைப்பதற்கு முன், பாத்திரத்தின் அடியைத் திருப்பிப் பாருங்கள். அங்கு படிந்திருக்கும் அழுக்கைத் தேய்த்தகற்றுவதிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.